சயாம் ரயிலும் பாட்டியும்

13 அக்டோபர் 2023, வெள்ளி

'தி ரயில்வே மேன்' பார்த்தேன். 2013-இல் வந்த படம், இத்தனை வருடம் எப்படிக் கண்ணில் படாமல் போச்சோ. 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி எரிக் லோமாக்ஸ். முகாமில் ஒளித்து ரேடியோ செய்ததற்காக ஜப்பான்காரர்கள் அவரை உயிர் போகும் அளவுக்கு வதைக்கிறார்கள், பக்கத்தில் நின்று கேள்விகளை மொழிபெயர்த்த ஜப்பான்காரர் நாகாசே, பல வருடம் கழித்து அந்த நாகாசேவைத் தேடித் தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனாபுரிக்கே லோமாக்ஸ் போகிறார். கொல்லத்தான். முடியவில்லை. லோமாக்ஸாக நடிக்கும் காலின் ஃபர்த் அதிகம் பேசுவதே இல்லை, முகம் போதும்.

14 அக்டோபர்

தேடிப் படித்தேன். நிஜத்தில் கத்தியோடெல்லாம் போகவில்லை. லோமாக்ஸின் மனைவிதான் நாகாசேவுக்கு முதலில் கடிதம் போட்டிருக்கிறார், அப்புறம் 1993-இல் சொல்லிவைத்துச் சந்தித்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதம்தான் பிடித்திருக்கிறது. சினிமாவுக்குப் போதாது, சரி.

ஒன்று உறுத்துகிறது. போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளிகளையும் வைத்து ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. செத்த கைதிகள் 12,000-க்கு மேல், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளிகள் அதைப்போல் பல மடங்கு, அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் எத்தனையோ பேர், பாட்டியின் அப்பாவும் ஒருவர். படத்தில் அவர்கள் கதை இல்லை. லோமாக்ஸுக்கு மன்னிக்க எதிரே ஓர் ஆளாவது வந்து நின்றான்.

17 அக்டோபர், செவ்வாய்

இரு முனையிலிருந்தும் போட்ட தண்டவாளம் ஒன்று சேர்ந்து இன்றோடு 80 வருடம். பாட்டியை உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். பாதியில் தூங்கிவிட்டார். எழுந்ததும், "ஜப்பான்காரன் மேல உங்களுக்குக் கோபமே இல்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"அவன் எவனோ. பேர் எழுதிக் கொடுத்தது நம்ம கிராணிதானே. மூணு மாச வேலைன்னு சொல்லி லாரியில ஏத்துனான். தன் தம்பி பேர மட்டும் எழுதல."

அப்போது பாட்டிக்கு 5 வயது. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அந்தக் கிராணி குடும்பம் இதே ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் பாட்டி போனதில்லை, காரணத்தை இன்றுதான் முதல்முறை கேட்கிறேன். கிராணியின் கொள்ளுப்பேத்தி என்னோடு படித்தவள். அவளுடைய கல்யாணப் பத்திரிகை ஒரு வாரமாகக் குளிர்ப்பெட்டிமேல் கிடக்கிறது, எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்கப் படித்தார், தாத்தா பாட்டி பெயர் வரை.

"ஐம்பது வெள்ளி மொய் வை, என் பேர்லயே வை," என்றார். "நான் வரல."