விண்ணப்பம் எந்த நாளில் தொடங்குகிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த பழைய தோட்டச் சாலையில் என் சித்தப்பா மகன் மாவு மில் கட்டி முடித்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அரவை இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. மீட்டருக்காகச் சுவரில் அடித்த பலகையின் பின்னால் பல்லி முட்டையிட்டிருக்கிறது. மும்முனை மின்சாரம் மட்டும் வந்தபாடில்லை. 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கேட்கும் ஜி, எச் பாரங்களில் (ஒயரிங் வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்குமான சான்றுகள்) கையொப்பமிட ஒயரிங் குத்தகையாளர் ஆயத்தமாக இருக்கிறார். ஆனால் கடைசிக் கம்பத்துக்கும் மில்லுக்கும் இடையே இன்னும் இரண்டு கம்பங்கள் நட வேண்டும். அந்த நிலமோ தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அனுமதிக் கடிதத்தை விண்ணப்பதாரரே வாங்கி வர வேண்டும் என்றும், அதுவரை விண்ணப்பம் முழுமை பெறாதது என்றும் மின்சார நிறுவனத்தின் முகப்பில் சொல்லிவிட்டார்கள். முழுமை பெறாத விண்ணப்பத்துக்கு நாள் கணக்குக் கிடையாது.

மளிகைக் கடைக்காரர் இழுத்தடித்தால் எதிர்க் கடைக்குப் போகலாம். கம்பிக்கு எதிர்க் கடை இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இங்கே 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எரிசக்தி ஆணையமும், பிரிட்டனில் ஆஃப்ஜெம் என்ற எரிசக்திக் கண்காணிப்பு அமைப்பும் இருக்கின்றன.

பிரிட்டனில் 2015 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்கம்பி நிறுவனங்களுக்கு நடப்பில் இருந்த விலைக் கட்டுப்பாட்டில், புதிய இணைப்பு கேட்பவர்களை ஆஃப்ஜெம் இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு வீடு, ஒரு சிறு கடை போன்ற சிறிய இணைப்புகளில் செலவு மதிப்பீடு தர எத்தனை நாள், அதை ஏற்றபின் வேலையை முடிக்க எத்தனை நாள் என்று எண்ணி, விரைந்து முடித்த நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை அளித்தது. பெரிய இணைப்புகளிலோ, விண்ணப்பதாரர்களோடு கலந்து பேசி ஆண்டுதோறும் வேலைத்திட்டம் வெளியிட்டு, அதைச் செய்தோமா இல்லையா என்றும் நிறுவனமே கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. தவறினால் தண்டம் உண்டு, நன்றாகச் செய்தால் பரிசு கிடையாது. கடமையைச் செய்வதற்குப் பரிசெதற்கு என்பதே என் எண்ணமும். அங்கே வேலையின் ஒரு பகுதியைத் தகுதி பெற்ற வேறு குத்தகையாளரிடம் கொடுக்கவும் வாடிக்கையாளருக்கு வழி உண்டு. போட்டி போதிய அளவு இருப்பதாக ஆஃப்ஜெம் ஏற்ற பிரிவுகளில் அந்தத் தண்டமும் விலக்கப்பட்டது.

நாள் எண்ணும் முறையில் எனக்கு ஒரு குறை படுகிறது. மதிப்பீட்டுக்கு முன்னும் பின்னும் எண்ணினாலும், விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன் கழியும் மாதங்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களில் காலமெல்லாம் கரைவது அங்கேதான். லயத்து வீட்டில் இருந்த காலத்தில் இரவானால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் எத்தனை மணிக்கு இருட்டும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முகப்புக்கு முதன்முதலாக வந்த நாளையே தொடக்கமாக வைத்து, கணக்கை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தரவும், கம்பத்துக்கான நில அனுமதியை நிறுவனமே கேட்டு வாங்கவும் விதி வேண்டும். நட்ட கம்பம் அவர்களுடைய உடைமைதானே.

நேற்றுத் தம்பி மறுபடியும் தோட்ட அலுவலகத்துக்குப் போனான். மேலாளர் விடுப்பில் இருக்கிறாராம். கிராணி (அலுவலக எழுத்தர்) கடிதத்தைப் பெற்றுக்கொண்டு, நகலில் முத்திரை குத்தித் தேதியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இந்த ஐந்து மாதங்களில் எதிர்த்தரப்பிலிருந்து தேதியோடு அவன் கைக்கு வந்த முதல் காகிதம் அது.