ஒரே வினா, மூன்று படிநிலைகள்

விளிம்புவரை நீர் நிரம்பிய கோப்பையில் மிதக்கும் பனிக்கட்டி முழுவதும் உருகினால் நீர் வழியுமா என்று, நான் எழுதிய இயற்பியல் தேர்வு ஒன்றில் கேட்டிருந்தார்கள். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும் என்று அறிய உதவும் ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்த நான், அதை அப்படியே எழுதிப் படமும் வரைந்து, 'வழியும்' என்று முடித்தேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. திருத்தியவர்மீது அன்று எழுந்த கோபம், பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சியில், வினாக்கள் கோரும் சிந்தனையைப் படிநிலைகளாகப் பிரிக்கும் புளூம் வகைப்பாட்டைப் படித்த பிறகுதான் தணிந்தது. வினா பயன்படுத்துதல் என்னும் படியில் நின்று கேட்டது. நான் நினைவுகூர்தல் என்னும் படியில் நின்று விடை எழுதியிருந்தேன்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பணியில் இருந்த பெஞ்சமின் புளூமும் அவருடன் சேர்ந்த வல்லுநர்களும் 1956இல் வெளியிட்ட இந்த வகைப்பாடு, தேர்வு வினாக்களைக் கல்வி நிறுவனங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என்பன அதன் ஆறு படிநிலைகள். கல்வியியல் அறிஞர்களான ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001இல் வெளிக்கொணர்ந்த திருத்தத்தில் அறிதல் நினைவுகூர்தலாக மாறியது; மதிப்பிடுதல் ஐந்தாம் படிக்கு இறங்க, படைத்தல் உச்சிக்குச் சென்றது. ஆசிரியர் பயிற்சித் தேர்வுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஆனால், வினாத்தாள் தயாரிக்கத் தொடங்கியபோது நான் தடுமாறியது வேறோர் இடத்தில். 'விளக்குக' என்றால் புரிதல், 'ஒப்பிடுக' என்றால் பகுத்தாய்தல் என்று வினைச்சொற்களின் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு வினாக்களுக்குப் படிநிலை குறித்துவந்தேன். அந்தப் பட்டியல் ஓரளவுக்கே உதவும். பனிக்கட்டி வினாவையே வகுப்பில் ஒருமுறை செய்துகாட்டிவிட்டுத் தேர்விலும் கேட்டால், அது எத்தனை நுட்பமாகத் தோன்றினாலும் மாணவருக்கு நினைவுகூர்தல்தான். தத்துவத்தை மட்டும் கற்பித்துவிட்டுக் கேட்டால் பயன்படுத்துதல். கோப்பையில் உப்புநீர் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், எடை, அடர்த்தி, பருமன் மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்; அது பகுத்தாய்தல்: நன்னீரில் உருகிய பனிக்கட்டி, தான் இடம்பெயர்த்த நீரின் பருமனையே நிரப்புவதால் மட்டம் மாறாது, உப்புநீரின் அடர்த்தி கூடுதல் என்பதால் அங்கே இடம்பெயர்ந்த பருமன் குறைவு, உருகிவரும் நீரின் பருமன் அதைவிட அதிகம், ஆகவே வழியும். ஆக, வினாவின் படிநிலை அதன் சொற்களில் மட்டும் இல்லை. மாணவர் முன்பு எதைக் கற்றார், அதிலிருந்து வினா எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையும் பொறுத்தது. மாணவரின் முன்கற்றலை அறியாமல் ஒரு வினாவை வகைப்படுத்த முடியாது என்பதை 1956ஆம் ஆண்டு நூலே சொல்லியிருக்கிறது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்தப் பகுதியை ஏனோ தாண்டிச் சென்றுவிட்டார்கள்.

தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் இதைத் தம்முடைய வழியில் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதிலுள்ள எடுத்துக்காட்டில் ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி விடை காண முயலுங்கள். நீருக்குப் பதில் உப்புநீர், பனிக்கட்டிக்குள் ஒரு கூழாங்கல் என்பதுபோல. விடை வராவிட்டால் தத்துவத்தை மறுபடி மனப்பாடம் செய்வதில் பயனில்லை; எந்த இடத்தில் காரணத் தொடர் அறுந்தது என்று எழுதிப் பார்க்க வேண்டும். இதற்காக மனப்பாடத்தை இழிவாகக் கருத வேண்டியதில்லை. தத்துவமே நினைவில் இல்லாதவர் எதைப் பயன்படுத்துவார்? உயர்நிலைச் சிந்தனை என்ற பெயரில் அடிப்படை வரையறைகளைக் கைவிட்டவர்களின் விடைத்தாள்களையும் நான் திருத்தியிருக்கிறேன். பக்கம் பக்கமாகக் கருத்து இருக்கும், அடர்த்திக்கும் எடைக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.