ஹாங்காங்கிலிருந்து டென்மார்க் அரண்மனைக்கு

ஐரோப்பிய அரச குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டு, பின்னர் விலகியவர்களில் என்னை அதிகம் ஈர்ப்பவர், டென்மார்க்கின் முன்னாள் இளவரசி அலெக்சாண்ட்ரா. 1964-இல் ஹாங்காங்கில் பிறந்த அவர், தந்தை வழியில் சீன, பிரித்தானிய வம்சமும் தாய் வழியில் ஆஸ்திரிய வம்சமும் கலந்தவர். 1995 நவம்பரில் ஃபிரடெரிக்ஸ்போர்க் கோட்டைத் தேவாலயத்தில் அரசி மார்கரேத்தேயின் இளைய மகனான இளவரசர் யோவாகிமை மணந்தபோது, அரசி பரிசளித்த, முன்னாள் அரசி அலெக்சாண்ட்ரினுக்குச் சொந்தமாயிருந்த வைரத் துளிகள் தொங்கும் மகுடத்தையே அவர் சூடியிருந்தார். கடினமான டேனிஷ் மொழியை வியக்கத்தக்க வேகத்தில் கற்றுக்கொண்டு சரளமாகப் பேசியதுதான், மகுடத்தைவிடவும் அவரை அந்நாட்டு மக்களுக்கு நெருக்கமாக்கியது என்பேன்.

இரண்டு மகன்கள் பிறந்த பின், 2005-இல் மணமுறிவு. 1846-க்குப் பிறகு டேனிஷ் அரச குடும்பம் கண்ட முதல் விவாகரத்து அதுவே. ஃபிரடெரிக்ஸ்போர்க் கோமாட்டி என்னும் பட்டத்தை அரசி அவருக்கு அளித்தார். திருமணம் நடந்த அதே கோட்டையின் பெயர்! 2007-இல் புகைப்படக் கலைஞர் ஒருவரை மறுமணம் செய்ததும் இளவரசிப் பட்டம் போயிற்று. கோமாட்டிப் பட்டம் நிலைத்தது. அந்த மணமும் 2015-இல் முறிந்தது.

சட்டப்படி வாழ்நாள் முழுவதும் பெற்றிருக்கக்கூடிய அரசு மானியத்தைத் தாமே விட்டுக்கொடுப்பதாக 2017-இல் அறிவித்தார். இளைய மகனுக்குப் பதினெட்டு வயது நிரம்பிய 2020-இல் அது நின்றது. பணத்தை ஓசையின்றி விட்டவர், 2023 ஜனவரி முதல் மகன்களின் இளவரசர் பட்டம் பறிபோகும் என்று அரசி மார்கரேத்தே முடிவெடுத்தபோது மட்டும் தம் வருத்தத்தை மறைக்கவில்லை. மகுடம் இன்றும் அவரிடமே இருக்கிறது.