பதினொரு பெயர்கள், ஒரு கடிதம்: பிரபுபாதாவுக்குப் பின் இஸ்கான்

ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கானை நிறுவிய ஏ.சி. பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதா 1977 நவம்பர் 14 அன்று பிருந்தாவனத்தில் மறைந்தார். தீட்சைப் பணிக்காக அவர் பெயர் சொல்லிவிட்டுப் போன மூத்த சீடர்கள் 11 பேர். 1987 முடிவதற்குள் அவர்களில் ஆறு பேர் பொறுப்பில் இல்லை. வாரிசை அறிவிக்காமல் போனதால் வந்த வினை என்று இதைப் பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிர்வாகம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதை அவர் எழுதியே வைத்திருந்தார். தீட்சை தரும் குருவையும் ஒரு பிராந்தியத்தை ஆளும் நிர்வாகியையும் ஒரே ஆளாக்கினார்களே, அங்கேதான் கெட்டது.

பிரபுபாதாவுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். அவருடைய குரு பக்திசித்தாந்த சரஸ்வதி 1937 ஜனவரி 1 அன்று மறைந்தபோது, அந்த குரு நிறுவிய கௌடீய மடத்தில் நடந்ததை அவர் பார்த்தவர். சீடர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரை ஆசார்யராக உட்கார வைத்தார்கள். இன்னொரு பிரிவு அதை ஏற்கவில்லை. வழக்கு நடந்தது, மடம் உடைந்தது. ஒரு தனி ஆசார்யரை உட்கார வைத்ததே தவறு, குழுவாக நடத்தியிருக்க வேண்டும் என்று பிரபுபாதா பிறகு பலமுறை கண்டித்திருக்கிறார். தன் இயக்கத்துக்கு 1970 ஜூலை 28 அன்று 12 பேர் கொண்ட ஆட்சிக்குழுவை அவர் அமைத்ததற்கு அதுதான் பின்னணி. ஜிபிசி என்று பக்தர்கள் சொல்வது இதைத்தான். 1977 ஜூனில் எழுதிய உயிலிலும் இயக்கம் முழுவதற்கும் இறுதி நிர்வாக அதிகாரம் இந்தக் குழுவுக்கே என்றார். ஆகவே கட்டடம், கணக்கு, பதவி இவற்றில் குழப்பத்துக்கு இடமே இல்லை. இனி தீட்சை கொடுப்பது யார் என்பதுதான் திறந்தே கிடந்தது.

இஸ்கானில் தீட்சை இரண்டு படி. தினமும் 108 மணி மாலையில் 16 சுற்று ஹரே கிருஷ்ண மகாமந்திரம் ஜபிக்க வேண்டும். மாமிசம், மீன், முட்டை, போதை, சூதாட்டம், முறையற்ற உடலுறவு எல்லாவற்றையும் விட வேண்டும். காபி, டீயும் போதைக் கணக்கில்தான் வரும். இதைச் சில காலம் கடைப்பிடித்துக் காட்டுபவருக்கு முதல் தீட்சையில் ஜபமாலையும் புதுப் பெயரும் கிடைக்கும். இரண்டாவது தீட்சையில் காயத்ரி மந்திரம். அதன் பிறகே விக்கிரக ஆராதனை செய்யலாம். கோயில் தலைவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார், பிரபுபாதா ஏற்றுக்கொள்வார். சீடரின் ஜபமாலையில் ஜபித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் சில மூத்த சீடர்களிடம் அவர் ஏற்கெனவே விட்டிருந்தார்.

1977 மே 28 அன்று ஆட்சிக்குழுவினர் சிலர் அவரிடம் நேராகவே கேட்டார்கள்: நீங்கள் இல்லாத காலத்தில் தீட்சை எப்படி? அந்த உரையாடல் ஒலிநாடாவில் இருக்கிறது. சிலரைத் தன் சார்பில் நடத்த நியமிப்பதாகச் சொன்னார். ரித்விக், அதாவது குருவின் சார்பில் சடங்கை நடத்தும் பிரதிநிதி, என்ற சொல்லும் அதில் வருகிறது. பிறகு, தான் உத்தரவிட்டால் அந்தச் சீடர் முறையான குரு ஆவார் என்ற பொருளிலும் பேசினார். அந்தச் சீடர்கள் குருக்களே என்பவர்களும், வெறும் பிரதிநிதிகள் என்பவர்களும் இன்றைக்கு மேற்கோள் காட்டுவது இந்த ஒரே உரையாடலைத்தான்.

அடுத்து ஜூலை 9 கடிதம். செயலாளர் தமால கிருஷ்ண கோஸ்வாமி எழுத, பிரபுபாதாவும் கையெழுத்திட்டு எல்லாக் கோயில் தலைவர்களுக்கும் போனது. 11 பேரின் பெயர், பிறகு நடைமுறை. கோயில் தலைவர் பரிந்துரையை அருகிலுள்ள பிரதிநிதிக்கு அனுப்ப வேண்டும். பிரதிநிதி பெயர் சூட்டலாம், இரண்டாவது தீட்சையானால் காயத்ரி நூலில் ஜபித்துத் தரலாம். தீட்சை பெற்றவர் பிரபுபாதாவின் சீடர். பெயரைச் சீடர் பதிவேட்டில் சேர்க்க அவருக்கே எழுதி அனுப்ப வேண்டும். அவர் மறைந்த பிறகும் இது தொடருமா, முடியுமா என்று கடிதத்தில் தனியாக ஒரு வரி இல்லை. உயிலில் சொத்துக்கு அவ்வளவு நுணுக்கம் காட்டியவர் இங்கே அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

1978-ல் அந்த 11 பேரும் முழு அதிகாரம் கொண்ட குருக்களாக அமர்ந்தார்கள். உலகம் மண்டலங்களாகப் பிரிந்தது. இங்கிலாந்து ஜெயதீர்த்தருக்கு, தெற்கு ஐரோப்பா பகவான் என்ற பெயருடைய சீடருக்கு, ஜெர்மனியும் வட ஐரோப்பாவும் ஹரிகேசருக்கு, மேற்கு வர்ஜீனியாவின் நியூ பிருந்தாவனம் கீர்த்தனானந்தருக்கு. கோயில் கூடத்தில் பிரபுபாதாவின் வியாசாசனத்துக்கு, அதாவது குருவின் ஆசனத்துக்கு, பக்கத்தில், கொஞ்சம் தாழ்வாக, மண்டல குருவுக்கு இன்னொரு ஆசனம் போட்டார்கள். காலையில் பிரபுபாதாவுக்கு நடக்கும் குரு பூஜை இவருக்கும் நடந்தது. நேற்றுவரை தோளோடு தோள் நின்று புத்தகம் விற்ற குருபாயிகளும், அதாவது அதே குருவின் சக சீடர்களும், அந்த ஆசனத்தின் முன் விழுந்து வணங்க வேண்டியிருந்தது. பல மூத்த பக்தர்கள் விலகியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

விளைவு மூன்று இடத்தில் தெரிந்தது. லண்டனில் சேர்ந்த ஒருவருக்கு குருவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடையாது. ஊர்தான் குருவைத் தீர்மானித்தது. சாஸ்திரம் குருவையும் சீடனையும் ஒருவரையொருவர் பரீட்சித்துப் பார்க்கச் சொல்கிறது, அது காணாமல் போனது. அடுத்து, கோயில் தலைவர் வெறும் மேலாளர் ஆனார். புதிய பக்தர்களின் விசுவாசமும் வசூலும் அவரைத் தாண்டி மண்டல குருவுக்குப் போயின. மூன்றாவதுதான் மிக மோசம். குருக்களைக் கண்டிக்க வேண்டிய ஆட்சிக்குழுவில் அதே குருக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மண்டலத்தில் இன்னொருவர் தலையிடத் தயங்கினார், நாளை தன் மண்டலத்தில் அவர் தலையிடுவாரே என்று.

ஒரு குரு விழுந்தால் அந்த மண்டலமே விழுந்தது. 1982-ல் ஜெயதீர்த்தர் வெளியேறியபோது இங்கிலாந்தை அப்படியே பகவானிடம் கொடுத்தார்கள். அவரும் 1986-ல் போனார். முதல் குருவிடம் பெற்ற தீட்சை செல்லுமா, மறு தீட்சை வேண்டுமா, பெயர் மாறுமா என்று சீடர்கள் தவித்ததை வெறும் நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒருவர் தன் ஆயுளை ஒப்படைத்த உறவு அது.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கோயில் தலைவர்கள். 1984 முதல் வட அமெரிக்கத் தலைவர்கள் கூடி, கோளாறு ஆட்களில் மட்டுமல்ல, மண்டல ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று வாதிட்டார்கள். ரவீந்திர ஸ்வரூப தாசரின் கட்டுரைகள் இதில் முக்கியமானவை. 1986 மேயில் குருக்களைக் கடுமையாக விமர்சித்துவந்த ஒரு பக்தர் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தள்ளிப்போட வழியே இல்லாமல் போனது. 1987-ல் கீர்த்தனானந்தரை வெளியேற்றினார்கள். மண்டல முறை ரத்தானது. தனி ஆசனங்கள் அகற்றப்பட்டன. தீட்சை தரும் அனுமதி இன்னும் பலருக்கு விரிந்தது. இப்போது ஒரே கோயிலில் பல குருக்களின் சீடர்கள் சேர்ந்து சேவை செய்கிறார்கள். பக்தர் யாரை வேண்டுமானாலும் நாடலாம். 1998-ல் ஹரிகேசரும் பொறுப்பிலிருந்து விலகி நெருக்கடி வந்தபோது அடி பலமாக விழுந்தும் இயக்கம் நின்றதற்கு இந்தப் பிரிப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

ரித்விக் தரப்பு இந்தச் சீர்திருத்தத்தையும் ஏற்கவில்லை. ஜூலை 9 நடைமுறை ரத்து செய்யப்படவே இல்லை, இன்றும் எல்லோரும் பிரபுபாதாவின் நேரடிச் சீடர்களே என்பது அவர்கள் நிலை. உயிலில் ஒரு பிரிவை அவர்கள் காட்டுவார்கள்: இந்தியச் சொத்துகளின் இயக்குநர் இடம் காலியானால் வருபவர் தன்னிடம் தீட்சை பெற்ற சீடராக இருக்க வேண்டும் என்கிறது அது. 1977-க்கு முன் தீட்சை பெற்ற தலைமுறை மறைந்ததும் அந்தப் பிரிவுக்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள். வலுவான கேள்விதான். ஆனால் குரு தன் காலத்துக்குப் பின் சீடர் வழியே தொடர்வதுதான் பரம்பரை என்று பிரபுபாதா ஆயுள் முழுக்கப் போதித்ததை ஒரு சொத்துப் பிரிவைக் கொண்டு மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரு கோயில் இந்த ரித்விக் நிலையை எடுத்ததும் தகராறு நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் அங்கே தீர்மானிக்க வேண்டியிருந்தது நிலமும் கோயிலும் யாருடையவை என்பது: மும்பையில் பதிவான சங்கத்துக்கா, கர்நாடகத்தில் 1978-ல் பதிவான சங்கத்துக்கா? 2011-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் மும்பை பக்கம் சொன்னது. 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி பெங்களூரு சங்கத்துக்கே என்று தீர்ப்பளித்தது. ஜூலை 9 கடிதத்துக்கு எந்தத் தரப்பின் விளக்கம் சரி என்பதை இந்தத் தீர்ப்பை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது.