பாதிரி மரக்கன்று வேண்டும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் நகர்ப் பூங்கா இடம். இன்று காலை மண்வெட்டி போட்ட இடமெல்லாம் பாட்டில் சில்லு, பால் கவர், உடைந்த டைல்ஸ். முழங்கை ஆழம் போன பிறகுதான் மண்ணே கண்ணில் பட்டது.

எதிர்வீட்டு அக்கா ஒரு பிடி அள்ளி, விரலால் நசுக்கிப் பார்த்தார். "மணல் கலந்த மண்ணு தம்பி. புங்கன் நல்லா பிடிச்சுக்கும்."

அந்த ஒரு சொல் போதும், எல்லோரும் மறுபடி குனிந்துவிட்டோம்.

பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக 10 சதவீதம் பொது இடமாக விடவேண்டும் என்பது விதி. இங்கேயும் விட்டார்கள். குப்பைமேடானது. மனு கொடுத்து, அலைந்து, மரம் வைக்க ஒப்புதல் வாங்கினோம்.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரே காலையில் நிழலை இழந்த ஊர் இது. அன்று விழுந்த மரங்களுக்குப் பதில் எத்தனை வைத்தோம்? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேம்பு, புங்கன், பூவரசு வந்தாச்சு. பாடலீஸ்வரர் கோவில் தலமரமான பாதிரி ஒன்றாவது வேண்டும். கேட்ட நர்சரிகளில் இல்லை.

கன்று வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டாக வேண்டும்.