குரோமோசோம் 17 டைரி

ஜூன் 4

ஹைப்ரிடோமா லேப்ல (செல்களை இணைச்சு ஆன்டிபாடி எடுக்கற இடம்) இருக்கறவங்க ஹெச்ஏடி மீடியத்தை, அதாவது ஹைப்போசாந்தின், அமினாப்டெரின், தைமிடின் மூணும் போட்ட செல் வளர்ப்பு திரவத்தை, தொடாம ஒரு வாரம் ஓட்டறது கஷ்டம். ஆன்டிபாடி எடுக்கத்தான் இதுன்னு நினைச்சுட்டு இருந்தேன், பாத்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே இதே மீடியத்தை வச்சு மனுஷனோட ஒரு என்சைம் ஜீன் எந்த குரோமோசோம்ல உக்காந்திருக்குன்னு புடிச்சிருக்காங்க. தைமிடின் கைனேஸ், டிஎன்ஏ-வுக்கு வேண்டிய தைமிடின்ல பாஸ்பேட்டை மாட்டற என்சைம். பழைய பேப்பரையெல்லாம் தேடி எடுத்தாச்சு, ராத்திரி ராத்திரி படிச்சு இங்க எழுதி வைக்கப் போறேன்.

ஜூன் 5

1967, நியூயார்க் யுனிவர்சிட்டி, மேரி வைஸும் ஹோவர்ட் க்ரீனும். மனுஷ ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் (இணைப்புத் திசு செல்) எலி செல்லையும் ஒண்ணா வளத்து ரெண்டும் இணைஞ்ச ஹைப்ரிட்டை எடுத்தாங்க. அந்த எலி செல்லுக்கு தைமிடின் கைனேஸ் கிடையாது. மீடியத்துல இருக்கற அமினாப்டெரின், டிஎன்ஏ-வுக்கு வேண்டிய தைமிடின் சரக்கை செல் சொந்தமா தயாரிக்கற வழியை அடைச்சிடும், வெளில இருந்து குடுக்கற தைமிடினை எடுத்து பொழைக்கணும்னா இந்த கைனேஸ் வேணும், அது இல்லாத எலி செல் மொத்தமா காலி. மனுஷ செல் சாகாது ஆனா மெதுவாத்தான் வளரும், அதனால வேகமா மேல வர்ற காலனி எல்லாம் ஹைப்ரிட்டுதான். அதாவது அது உயிரோட இருக்குன்னாலே மனுஷனோட கைனேஸ் ஜீன் உள்ள இருக்குன்னு அர்த்தம், தனியா டெஸ்ட் பண்ணி பாக்கவே வேணாம்.

இதுல யாரும் ப்ளான் பண்ணாத ஒரு விஷயம் நடக்குது. ஹைப்ரிட் செல் வளர வளர எலி குரோமோசோமை வச்சுக்கிட்டு மனுஷ குரோமோசோமை ஒவ்வொண்ணா தொலைக்குது. மனுஷனுக்கு கல்யாணம் பண்ணி வம்சம் பாத்து ஜீனை தேடறதுன்னா தலைமுறை கணக்குல ஆகும், இங்க ஃப்ளாஸ்க்லயே தானா பிரிஞ்சு வந்து நிக்குது!

ஜூன் 7

நேத்து எழுத முடியல, இன்குபேட்டர் கேஸ் தீந்துபோய் ஓடிட்டு இருந்தேன்.

எனக்கு ரொம்ப புடிச்சது இந்த சோதனையோட எதிர்ப்பக்கம். அதே ஹைப்ரிட்டை ப்ரோமோடிஆக்சியூரிடின்ல (தைமிடின் மாதிரியே இருக்கற ஒரு விஷம்) போட்டா இப்போ கைனேஸ் இருக்கற செல்தான் சாகும், ஏன்னா அந்த என்சைம்தான் இந்த விஷத்தை டிஎன்ஏ-க்குள்ள கொண்டு போய் சேக்குது. பொழைச்சதெல்லாம் அந்த ஜீனை தொலைச்ச செல். ஹெச்ஏடி-ல எப்பவும் இருந்து, இங்க எப்பவும் காணாம போற குரோமோசோம் எதுவோ அதுலதான் ஜீன். ரெண்டு பக்கமும் கதவை சாத்தியாச்சு. இதை நம்ம ஜூனியர் பையன்கிட்ட சொன்னேன், "அண்ணா அப்போ மைக்ரோஸ்கோப்ல பாத்து நம்பரை சொல்லிட வேண்டியதுதானே"ன்னான். அங்கதான்டா தம்பி நாலு வருஷம் நின்னுது.

ஜூன் 8

அந்த காலத்துல குரோமோசோம் முழுக்க ஒரே கலரா சாயம் ஏறும், நீளத்தையும் நடுவுல சுருங்கின இடுக்கு (சென்ட்ரோமியர்) எங்க இருக்குன்றதையும் பாத்து ஏ-ல இருந்து ஜி வரைக்கும் குரூப்பா பிரிக்கலாம் அவ்ளோதான். 1968-ல பார்பரா மிஜியனும் மில்லரும் ஒரே ஒரு மனுஷ குரோமோசோம் மட்டும் மிச்சம் இருக்கற ஹைப்ரிட்டை காட்டறாங்க, ஈ குரூப்னு சொல்றாங்க. ஈ குரூப்ல 16, 17, 18. இதுல 17-க்கும் 18-க்கும் வித்தியாசம் சொல்றது பெரிய தலைவலி.

அப்புறம் ஸ்டாக்ஹோம்ல காஸ்பர்சன் குழு குவினாக்ரின் சாயம் போட்டு ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனி பட்டை வர்றதை காட்டுது, 1970 வாக்குல மனுஷ குரோமோசோம் எல்லாத்தையும் அடையாளம் பிரிக்க முடியுது. அதை வச்சு 1971-ல ஓ. ஜே. மில்லர் (1968 மில்லர் இல்ல, வேற ஆள்), மிஜியன் எல்லாம் சேந்து சயின்ஸ்ல போட்டாங்க: 17. எல்லாரும் மேற்கோள் காட்டறது இந்த பேப்பரைத்தான், எனக்கென்னமோ 1968-தான் பெரிய வேலைன்னு தோணுது, சாயம் மட்டும் மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.

ஜூன் 11

சரி, எல்லா என்சைமுக்கும் இப்படி சாவு-பொழைப்பு வித்தை கிடையாதே? மத்ததுக்கு யேல்ல ஃப்ராங்க் ரடில் கூட்டம் பண்ணினது வேற. வேற வேற மனுஷ குரோமோசோம் மிச்சம் இருக்கற ஹைப்ரிட் க்ளோன்களை (ஒரே செல்லுல இருந்து வளந்த கூட்டம்) சேத்து வச்சுக்கணும், ஒவ்வொண்ணுலயும் என்சைமை ஜெல்ல ஓட்டணும், மனுஷ என்சைமும் எலி என்சைமும் வேற வேற தூரம் ஓடும், மனுஷ பட்டை வருதா இல்லையான்னு குறிச்சு எந்த குரோமோசோமோட வரவு செலவுக்கு ஒத்துப்போகுதுன்னு பாக்கணும். 5 க்ளோனை நல்லா தேர்ந்தெடுத்தா இருக்கு-இல்லைல 32 பேட்டர்ன் வரும், மனுஷ குரோமோசோம் வகை எக்ஸ், ஒய் சேத்தே 24தான், ஆக கணக்குப்படி அஞ்சே போதும். நிஜத்துல க்ளோன் நடுவுலயே குரோமோசோமை தொலைக்கும், உடைஞ்ச துண்டை வச்சிருக்கும், அஞ்சை வச்சு யாரும் தைரியமா பேச மாட்டாங்க.

ஜூன் 12

1974-ல அதே யேல் கூட்டத்துல எல்செவியர், ராஜு குச்சர்லபாட்டி, ரடில் எல்லாம் சேந்து கேலக்டோகைனேஸ் ஜீனையும் 17-லயே வைக்கறாங்க. பால் சர்க்கரைல இருந்து வர்ற கேலக்டோஸுக்கு முதல் பாஸ்பேட்டை மாட்டற என்சைம் அது, பிறவிலயே இல்லாத குழந்தைக்கு கேலக்டோஸ் கண் லென்ஸ்ல கேலக்டிடாலா மாறி தேங்கி கேட்டராக்ட் வந்திடும். இன்னைக்கு மேப்ல பாத்தா ரெண்டு கைனேஸும் 17-ஓட லாங் ஆர்ம் (இடுக்குக்கு அந்தப் பக்கம் நீளமா இருக்கற பாதி) கடைசிப் பக்கம் கிட்டகிட்டதான் இருக்கு. நம்ம தம்பி இப்போ கேக்கறான் எலில இந்த ரெண்டும் பக்கத்து பக்கத்துலயா இருக்குன்னு. இருக்கு, எலியோட 11-ல, அதுவும் ரெண்டும் ஒண்ணாவே. திங்கக்கிழமை போர்டுல ரெண்டு குரோமோசோமையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு காட்டறேன்னு சொல்லியிருக்கேன்.