ஜனவரியில் மறைந்த மகான்கள்: எந்த நாளில் எங்கே போவது

ஜனவரி 4, 1929: திருவண்ணாமலையில் சேஷாத்ரி சுவாமிகள். ஜனவரி 6, 1847: திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள். ஜனவரி 8, 1994: காஞ்சிபுரத்தில் மகா பெரியவர். ஜனவரி 30, 1874: மேட்டுக்குப்பத்தில் வள்ளலார். நால்வரும் வேறு வேறு ஆண்டுகளில் இந்த ஒரே மாதத்தில் மறைந்தவர்கள். ஆனால் இந்தத் தேதிகளை நம்பிப் பயணச்சீட்டு எடுத்தால், பெரும்பாலான ஆண்டுகளில் நீங்கள் போய் இறங்கும் நாள் அந்த ஊரில் ஒரு சாதாரண நாளாகத்தான் இருக்கும். இந்த நாலு இடங்களில் எங்குமே ஆங்கிலத் தேதியை வைத்து வழிபாடு நடப்பதில்லை.

முதல் மூவருக்கும் திதிக் கணக்கு. சேஷாத்ரி சுவாமிகளுக்கு மார்கழித் தேய்பிறை நவமி, மகா பெரியவருக்கு மார்கழித் தேய்பிறை துவாதசி, தியாகராஜருக்குப் புஷ்ய பகுள பஞ்சமி. புஷ்யம் என்பது சந்திரமாதத்தின் பெயர், பகுளம் என்றால் தேய்பிறை. வள்ளலாருக்கு மட்டும், மேட்டுக்குப்பத்தை அடுத்த வடலூரில், நட்சத்திரக் கணக்கு: தை மாதத்துப் பூசம்.

திதி நாள் எப்படி நகர்கிறது என்பதைத் திருவையாற்றை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். தியாகராஜ ஆராதனை 2022இல் ஜனவரி 22, 2023இல் ஜனவரி 11, 2024இல் ஜனவரி 30, 2025இல் ஜனவரி 18, 2026இல் ஜனவரி 7. சந்திரக் கணக்கில் பன்னிரண்டு மாதம் முடியும்போது ஆங்கில ஆண்டு முடிய இன்னும் 11 நாள் பாக்கி இருக்கும். அதனால் ஆண்டுதோறும் அவ்வளவு பின்னுக்கு வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று நுழைந்து, ஒரே தாவாக 19 நாள் முன்னே தள்ளிவிடும். 2023இல் அதிக மாதம் வந்தது, 2024இல் ஜனவரி 30க்குப் போனது. 2026இலும் அதிக மாதம் உண்டு. ஆகவே 2027 ஆராதனை ஜனவரி கடைசி வாரத்தில் வரும்.

மகா பெரியவர் ஆராதனையில் இது இன்னும் பெரிய குழப்பம். அது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை எங்கு வேண்டுமானாலும் விழும். 2022 டிசம்பரில் வந்த ஆராதனைக்குப் பிறகு அடுத்தது 2024 ஜனவரியில்தான் வந்தது. நடுவில் 2023 என்ற ஆங்கில ஆண்டில் ஆராதனையே இல்லை. அதற்கு ஈடுசெய்வதுபோல 2024இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. 'போன வருஷம் ஜனவரியில் இருந்ததே' என்று வந்து நிற்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். திதி இரண்டு நாளைத் தொட்டால் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளைச் சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு நாளைச் சொல்லும். அப்போது வீட்டுப் பஞ்சாங்கத்தை நம்பாமல் அந்தந்த இடத்தின் அழைப்பிதழைப் பார்த்துவிட வேண்டும்.

மார்கழிப் பயணத்தில் ஒரு வசதி உண்டு. நவமியும் துவாதசியும் ஒரே தேய்பிறையில், மூன்று நாள் இடைவெளியில் வருகின்றன. திருவண்ணாமலையில் தொடங்கிக் காஞ்சியில் முடித்துவிடலாம். பௌர்ணமி கழிந்து ஒன்பதாம் நாள் என்பதால் கிரிவலக் கூட்டம் வடிந்திருக்கும், தங்க இடமும் கிடைக்கும்.

சேஷாத்ரி சுவாமிகளின் அதிஷ்டானம், அதாவது சமாதி, செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர், நடந்தே போகலாம். பலரும் ரமணாசிரமத்துக்குள் நுழைந்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முறையான வரிசை வேறு. முதலில் பெரிய கோயிலுக்குப் போய் ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தைப் பாருங்கள். உடலை மறந்து அங்கே உட்கார்ந்திருந்த இளம் ரமணரை, பையன்கள் கல்லெறிந்து தொல்லை செய்தபோது காத்து நின்றவர் சேஷாத்ரி. பிறகு செங்கம் சாலையில் முதலில் அவர் சமாதி, அடுத்து ரமணர் சமாதி. 1889இல் இந்த ஊருக்கு வந்தவர் நாற்பது ஆண்டு ஊரைவிட்டு நகரவில்லை. கடைக்குள் புகுந்து சரக்கை வாரி இறைப்பாராம். அவர் கை பட்டால் அன்று வியாபாரம் கொழிக்கும் என்று கடைக்காரர்கள் காத்திருப்பார்களாம். தங்கக்கை சேஷாத்ரி என்று பேர் வந்தது அவர் வளர்ந்த காஞ்சியில், சிறுவயதிலேயே. ஆகவே இங்கிருந்து காஞ்சிக்குப் போவது அவர் வந்த வழியே திரும்பிப் போவதுதான்.

காஞ்சியில் சாலைத் தெருவிலுள்ள சங்கர மடத்துக்குள் மகா பெரியவரின் பிருந்தாவனம், பக்கத்திலேயே 2018இல் மறைந்த ஜெயேந்திரரின் அதிஷ்டானம். ஆராதனையன்று வேத பாராயணமும் அபிஷேகமும் முன்பகலில் நடக்கும். மதியம் வந்து சேர்ந்தால் முக்கியமானது முடிந்திருக்கும். ஆண்கள் வேட்டியோடு போவது நல்லது. கூட்டம் தாங்காது என்று நினைப்பவர்கள் மாத அனுஷத்தன்று போகலாம். அது அவர் பிறந்த நட்சத்திரம், மாதம் ஒருமுறை வந்துவிடும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். சந்நியாசிக்குச் சிராத்தம் கிடையாது, ஆராதனைதான். துறவு கொள்ளும்போதே தமக்குரிய கருமங்களை முடித்துவிட்டார் என்பது கணக்கு. அவர் உடலுக்கு எரியூட்டுவதும் இல்லை. குழியில் அமர்ந்த நிலையில் வைத்து, உப்பும் விபூதியும் கற்பூரமும் வில்வமும் இட்டு மூடுவார்கள். தியாகராஜர் இல்லறத்தார் ஆயிற்றே, அவருக்கு எப்படிச் சமாதி என்று கேட்பவர்கள் உண்டு. கடைசி நாட்களில் அவர் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் காவிரிக் கரையில் போய்ப் பார்க்க நமக்கு ஓர் இடம் மிஞ்சியது.

மேட்டுக்குப்பத்தில் அப்படிச் சமாதி எதுவும் இல்லை. அதனால் அங்கே வேறு மனத்தோடு போக வேண்டும். அவர் வழியில் நிற்கும் சன்மார்க்கத்தார் வள்ளலார் இறந்தார் என்று சொல்ல மாட்டார்கள். சித்தி பெற்றார் என்பார்கள், ஜோதியில் கலந்தார் என்பார்கள். ஸ்ரீமுக ஆண்டு தை 19, வெள்ளிக்கிழமை நள்ளிரவு, சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திறக்க வேண்டாம், திறந்தாலும் வெறும் அறையாகத்தான் இருக்கும் என்று முன்னமே சொல்லியிருந்தார். சில மாதம் கழித்து அரசு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது உள்ளே எதுவும் இல்லை.

வடலூர்ப் பயணத்தில் எல்லாரும் செய்யும் தவறு, தைப்பூசத்தன்று ஜோதியைப் பார்த்துவிட்டு அன்றிரவே ஊர் திரும்பிவிடுவது. சித்திவளாகத்தின் திருஅறை தரிசனம் பூசத்தன்று கிடையாது, அதைச் சேர்த்து எண்ணினால் மூன்றாம் நாள். 2024இல் பூசம் ஜனவரி 25, திருஅறை 27. 2025இல் பிப்ரவரி 11, 13. அன்று காலை வடலூரிலிருந்து வள்ளலார் பயன்படுத்திய பொருள்கள் அடங்கிய பேழையைப் பல்லக்கில் வைத்துக் கருங்குழி வழியாக மேட்டுக்குப்பத்துக்குக் கொண்டுவருவார்கள். பகல் 12 மணிக்குத் தொடங்கி மாலை 6 மணிவரை தரிசனம். பல்லக்கின் பின்னால் நடந்து வருகிறவர்களுக்குக் கருங்குழியும் சேர்ந்து அமையும். எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றியும் விளக்கு விடிய விடிய எரிந்த இடம் அது.

பூசத்தன்று ஜோதி தரிசனம் ஆறு முறை: காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் விடிகாலை 5.30. கூட்டம் முழுக்கக் காலை 6 மணிக்கும் இரவு 7 மணிக்கும் முண்டும். காலை ஆறு மணிக்கு ஒரு காரணம் உண்டு. பூசம் பௌர்ணமியை ஒட்டியே வரும். கிழக்கே சூரியன் எழும் நேரத்தில் மேற்கே நிலா இறங்கிக்கொண்டிருக்கும். நடுவில் எண்கோண ஞானசபை, அதற்குள் ஜோதி. அதைப் பார்க்க ஆசைப்பட்டால் முந்தின இரவே பெருவெளியில் இடம்பிடிக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் இரவு 10 மணியும் மறுநாள் 5.30ம் தோதானவை. தைப்பனிக்குப் போர்வை அவசியம், பெருவெளி திறந்த மைதானம்.

ஜோதியை மறைத்திருக்கும் திரைகள் ஏழு. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லா நிறமும் கலந்தது. ஒவ்வொன்றும் ஒரு சக்தி: மாயை, கிரியை, பரை, இச்சை, ஞானம், ஆதி, சித். ஒன்றொன்றாக விலகி, ஏழாவதும் போனதும் கண்ணாடிக்குப் பின்னால் ஜோதி தெரியும். சில நொடிதான். அதற்குள் கைப்பேசியைத் தூக்கினால் முன்னால் நிற்பவர் கைப்பேசிகள்தான் தெரியும், ஜோதி தெரியாது. மாதப் பூசங்களில் ஆறு திரை மட்டுமே விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான்.

தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு வராதீர்கள். ஞானசபையில் அர்ச்சனை கிடையாது. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே புகுக என்பது வள்ளலார் வைத்த நிபந்தனை. அதை மதித்துச் சில நாள் முன்பிருந்தே புலால் விட்டு வருவது பழக்கம். எதையாவது கொடுக்க வேண்டும் என்று மனம் தவித்தால் அரிசி, பருப்பு, காய்கறியைத் தருமசாலையில் கொடுங்கள். 1867 மே 23ஆம் தேதி அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே சோறு போடுவதற்கு யார், எவர் என்று கேட்பதில்லை. சபைக்குப் போகுமுன் தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதே எங்கள் கணக்கில் சரியான வரிசை. தருமசாலை 1867இல் வந்தது, சபையில் வழிபாடு தொடங்கியது 1872 தைப்பூசத்தில். பசியாற்றுவதைத்தான் அவர் முதலில் வைத்தார்.

வடலூரில் தங்கும் இடம் குறைவு. நெய்வேலி, கடலூர், சிதம்பரம் மூன்றும் பக்கம். கடலூர் – விருத்தாசலம் ரயில் பாதையில் வடலூருக்கு நிலையம் உண்டு. விக்கிரவாண்டி – கும்பகோணம் – தஞ்சாவூர் நெடுஞ்சாலையும் ஊரைத் தொட்டே போகிறது.

இந்தச் சாலைதான் அடுத்த கட்டத்துக்கு வழி. தைப்பூசமும் புஷ்ய பகுள பஞ்சமியும் சில ஆண்டுகளில் ஒரே கொத்தாக வரும், சில ஆண்டுகளில் பிரிந்துபோகும். 2025இல் ஆராதனை ஜனவரி 18, பூசம் பிப்ரவரி 11. 2026இல் ஜனவரி 7, பிப்ரவரி 1. இவை பிரிந்த ஆண்டுகள், இரண்டு பயணம் போட வேண்டும். 2024இல் பூசம் 25, திருஅறை 27, ஆராதனை 30: ஒரே வாரம். 2027ம் அப்படித்தான், பூசம் ஜனவரி 22ஐ ஒட்டி வருகிறது. மேட்டுக்குப்பம் முடித்து, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சை வட்டாரத்துக்கு வந்துவிடலாம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றையும் தாண்டி ஊருக்குள் நுழைவீர்கள். மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம். ஆராதனை மாத முதல் பாதியில் வந்தால் ஆற்றில் நீர் ஓட வாய்ப்பு அதிகம், மாதக் கடைசியில் வந்தால் குறையத் தொடங்கியிருக்கலாம். நீராட எண்ணி வருபவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

விழா ஐந்து நாள். கடைசி நாளான பஞ்சமியன்று விடிகாலையில் திருமஞ்சன வீதியில் அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி பஜனை சமாதிக்குப் புறப்படும். 9 மணியளவில் பஞ்சரத்தினம், அதாவது ஐந்து ராகங்களில் அவர் இயற்றிய ஐந்து கீர்த்தனைகள். முதலில் புல்லாங்குழல், பிறகு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம். நாட்டை சம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. வராளியைக் குரு நேரடியாகச் சீடனுக்குக் கற்றுத்தரக் கூடாது என்று ஒரு பயம் இசைக்காரர்களிடம் உண்டு. அன்று நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும்போது அந்தப் பயம் எங்கே போகிறதோ! பாட்டு நடக்கும்போதே உள்ளே சுவாமிகளின் திருமேனிக்கு அபிஷேகம் ஆகிக்கொண்டிருக்கும்.

எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 8 மணிக்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினால் நெரிசலில் பாதியைத் தவறவிடுவீர்கள். 7 மணிக்கே பந்தலில் உட்கார்ந்திருக்க வேண்டும். சேர்ந்து பாட விரும்புவோர் ஸ்வர சாகித்தியப் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள். மனப்பாடம் என்று நம்பி வருகிறவர்கள் ஆரபியின் சரணங்களில்தான் வரிசை மாறித் தடுமாறுவார்கள்.

ஸ்ரீராகம் முடிந்து தீபாராதனை ஆனதும் கூட்டம் வெளியே பாயும். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள். அரை மணி கழித்துச் சந்நிதிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். அப்படியே திரும்பினால் எதிரே பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதி. சிதிலமாகிக் கிடந்த இடத்தைத் தம் சொத்தைக் கொட்டிக் கோயிலாக்கிக் குடமுழுக்குச் செய்தவர். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாத காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியாக நடத்தியவர். 1952இல் மறைந்தார். சுவாமிகளைப் பார்த்தபடி கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு போங்கள்.